பொது அலமாரியும் மாடத்தியின் ஆடும்

நவம்பர் 8, 1913. சனி

காலையிலிருந்து மழை. துவைத்தது எதுவும் காயவில்லை. மூன்றாம் வகுப்பின் தையல் துணிகள் பார்க்க வேண்டியது அப்படியே கிடக்கிறது.

மாலையில் மிஸ்ஸியம்மாள் வந்தார்கள். பள்ளிக்கும் எங்களுக்கும் மேலதிகாரி. இங்கிலீஷ் பெயர் அரை முழம், இனி மி.அ. என்றே எழுதுவேன். மாதக் கடைசிச் சனியன்று உபாத்தியாயினிகள் கூட்டத்தில் ஒரு விவாதம் வேண்டுமாம். பொருள் கொடுத்தது ஞானக்கா. ரங்கூனில் இருக்கும் அவள் அண்ணன் பத்திரிகைக் கட்டு அனுப்புவார், அதிலிருந்து. சீமையில் இப்போது இதுதான் பேச்சாம். சொத்தெல்லாம் எல்லோருக்கும் பொது என்றால் மனிதர் சந்தோஷமாக இருப்பார்களா, அவரவர் சொத்து அவரவருக்கு என்றால் சந்தோஷமாக இருப்பார்களா? முதலாவதற்கு சோஷியலிசம் என்று பேர். இரண்டாவதற்கும் ஒரு பேர் சொன்னாள். மறந்துவிட்டது.

ஞானக்கா பொதுக் கட்சி. ரூத் எதிர்க்கட்சி, சாத்தான்குளத்துக் கருப்பட்டி வியாபாரி மகள், வேறு எந்தக் கட்சிக்குப் போவாள்! சின்னவள் சலோமி மணி பார்க்க. தீர்ப்புச் சொல்ல நான்.

ஏன் நான்?

"நீதான் ரெண்டு பக்கமும் தலையாட்டுவ எஸ்தர்," என்றாள் ரூத்.

நாங்கள் நால்வரும் பள்ளிக் காம்பவுண்டுக்குள் ஒரே ஓட்டு வீட்டில் இருப்பதால் பேச்சு சாப்பாடு வரை தொடர்ந்தது. கடைசியில் ஞானக்கா, "வாயால பேசி என்ன ஆவப்போவுது? மூணு வாரம் நம்ம வீட்டுலயே செஞ்சு பாப்போம்," என்றாள்.

சமையல்காரி மாடத்தி ரசம் ஊற்றிக்கொண்டே: "அது என்ன சோசியம் டீச்சரம்மா? யாருக்குப் பாக்கிய?"

சலோமிக்குப் புரையேறிவிட்டது.

நவம்பர் 10, திங்கள்

மழை விட்டு வெயில். பள்ளி முடிந்து வந்ததும் பெரிய அலமாரியின் பூட்டை ஞானக்கா கழற்றி ஜன்னலில் வைத்தாள். இனி எல்லாம் இதற்குள். எடுக்கிறவர் எடுக்கலாம், கேட்க வேண்டாம், நன்றி சொல்லவும் வேண்டாம்.

உள்ளே போனவை: குடை மூன்று (ஒன்றில் கம்பி முறிந்தது). சேலைகள். ரூத் வீட்டுக் கருப்பட்டிப் பானை. சலோமியின் வாசனைச் சோப்பு, பாதி கரைந்தது. என் முகம் பார்க்கும் கண்ணாடி. ஞானக்காவின் புத்தகங்கள் – யாரும் எடுக்கப் போவதில்லை, ஆகவே அவளுக்கு நஷ்டமில்லை என்று ரூத் முணுமுணுத்தாள்.

இது எனக்கு மட்டும்: அம்மாவின் நீலச் சேலையை நான் போடவில்லை. பாய்ச் சுருளுக்குள் இருக்கிறது. தீர்ப்புச் சொல்லப் போகிறவள்!

நவம்பர் 11, செவ்வாய்

ரூத் என் பச்சைச் சேலை. நான் ஞானக்காவின் கட்டம்போட்டது. சலோமிக்கு ரூத்தின் காவிநிறம், கொசுவம் பத்து மடிப்பு.

வகுப்பில் முதல் பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "டீச்சர், இது ஞானம் டீச்சர் சேலைல்லா?" அவ்வளவுதான், வகுப்பு முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்துவிட்டேன். கூட்டல் கணக்கு நடக்கவில்லை.

பச்சை ரூத்துக்கு என்னைவிட எடுப்பாக இருக்கிறது. காலையில் பொறாமை. மத்தியானத்துக்குள் பெருமை – நான் பார்த்து எடுத்த சேலையல்லவா. "நான்" என்று எழுதக் கூடாதோ இனி.

சாப்பிடும்போது எல்லோரையும் கேட்டேன், இன்று சந்தோஷமா என்று. ஞானக்கா: "ரொம்ப." ரூத்: "பரவால்ல." சலோமி: "ஆமா." சலோமி எதற்கும் ஆமா. அவளைக் கணக்கில் சேர்க்க முடியாது.

நவம்பர் 12, புதன்

கருப்பட்டிப் பானை காலி.

ரூத்: "ஒரு மாசத்துக்குன்னு எங்க அப்பா அனுப்புனது! மூணு நாள்ல எங்க போச்சு?"

சலோமி: "நான் ரெண்டே ரெண்டு துண்டுதான்கா." ஞானக்காவும் ரெண்டே ரெண்டு துண்டு. நானும் அப்படித்தான் சொன்னேன். பிறகு ரூத்தே வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அவளுடையதுதானே, தீரும் முன் தின்று வைப்போம் என்று நேற்று நாலு துண்டு தின்றாளாம்.

தலைவலி. தையல் துணிகள் இன்னும் பார்க்கவில்லை.

நவம்பர் 13, வியாழன்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். மாடத்தி கரண்டியோடு கதவோரம் நின்றாள்.

"டீச்சரம்மா, ஒண்ணு கேக்கட்டா? அந்த அலமாரி இந்த வீட்டுல உள்ளவங்க எல்லாருக்கும்னு சொன்னிய. நானும் இங்கனதான கெடக்கேன்?"

ஞானக்கா எடுத்த கவளம் வாய்க்குப் போகவில்லை. ரூத்துக்கோ முகமெல்லாம் குஷி. "கேளு மாடத்தி, நல்லாக் கேளு."

கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டு ஞானக்கா சொன்னாள்: "நீயும் உண்டு." காதெல்லாம் சிவந்திருந்தது. ஆனாலும் சொன்னாள். அவள்மேல் எனக்கு மரியாதை வந்த இடம் அது.

"அப்ப நானும் எதாவது போடணும்லா. எங்கிட்ட ஒரு வெள்ளாடு இருக்கு. அதப் போடுதேன்."

அலமாரிக்குள் ஆடு! சலோமி சிரித்து எழுந்தே போய்விட்டாள்.

"சரி, என்ன எடுக்கப் போற?" என்றாள் ரூத்.

"சேலையெல்லாம் வேண்டாம். எனக்குப் பதினஞ்சு நாளு வேணும்."

மகள் பேச்சி சேரன்மகாதேவியில் இருக்கிறாள். நிறைமாதம்.

"போன வருசமும் கேட்டேன். யாரு சமைக்கதுன்னு சொல்லிட்டிய. தப்புன்னு சொல்லல. நான் அங்கன போய்ச் சேரும்போது பிள்ளையப் பொதச்சாச்சு. அதான் இந்தத் தடவ முன்னாலயே கேக்கேன்."

இன்னும் கொஞ்சம் ரசம் வேண்டுமா என்று கேட்கிற அதே குரல்.

அவள் கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. "யாரு சமைக்கது?" என்று சொன்னது யார் என்பதும் நினைவிருக்கிறது. நான்தான்.

"போ," என்றாள் ஞானக்கா. "நாங்க மொற வச்சுச் சமைப்போம்."

நவம்பர் 14, வெள்ளி

மாடத்தி காலை வண்டிக்குப் போனாள். பொதுக் குடைகளில் நல்லது அவள் கையில். ஆட்டைக் கொல்லைக் கொய்யா மரத்தில் கட்டிவிட்டு, இலைக் குழை எங்கே ஒடிக்க வேண்டும், எப்போது தண்ணீர் காட்ட வேண்டும் என்று நாலு பேரிடமும் தனித்தனியாகச் சொன்னாள்.

அவள் புறப்படும்போது நீலச் சேலையை எடுத்துக் கொடுத்தேன். பிள்ளைக்குத் தூளி கட்ட ஆகும்.

"இத நான் அலமாரில பாக்கலியே?"

"அடியில கெடந்தது," என்றேன். அது ஒரு விதத்தில் உண்மைதான்.

நவம்பர் 16, ஞாயிறு

சனிக்கிழமை என் முறை. உப்பு இரண்டு தடவை போட்டுவிட்டேன், போட்டதை மறந்து. இன்று சலோமி. வள்ளியூர் வீட்டில் அவளுக்கு மேலே ஐந்து அக்காமார். அடுப்புப் பக்கமே விட்டதில்லை போலிருக்கிறது. உலை கொதிக்கிறதா என்று என்னைக் கூப்பிட்டுக் கேட்டாள். கோயிலில் ஆராதனை முடிந்து வந்து நாலு பேரும் கஞ்சியும் சுட்ட கருவாடும். வயிறு நிறைந்தது. கருவாடு சுட்டது ரூத்.

ரூத்துக்குச் சமைக்க வரும். அரைக்கவும் வரும். அது தெரிந்ததும் வியாபாரம் தொடங்கிவிட்டது. "எஸ்தர், உன் மொறைய நான் பாக்கேன். நீ எனக்கு ஒரு வாரம் தண்ணி எடுத்துத் தா." சரி என்றேன். சலோமி தன் முறைக்குப் பதிலாக ரூத்தின் நோட்டுகளைத் திருத்துகிறாள்.

ஞானக்காவுக்குக் கோபம். "பொதுன்னு சொல்லிட்டு வீட்டுக்குள்ளயே சந்தை போட்டுட்டிய."

"சந்தை போட்டதாலதான் உங்களுக்குச் சோறு கெடைக்கி," என்றாள் ரூத்.

ஞானக்கா தன் முறையை விற்கவில்லை. கொள்கை. நாளை அவள் சமையல். கர்த்தர் காப்பாற்றட்டும்.

நவம்பர் 18, செவ்வாய்

வெட்கம், பயம், சிரிப்பு மூன்றும் ஒரே நாளில்.

பள்ளி விட்டு வந்தால் கொய்யா மரத்தடியில் ஆடு இல்லை. கயிறு அறுந்து கிடக்கிறது. தரையில் ஒரு இலை கிடையாது. காலையில் யார் குழை போட்டது? ஞானக்கா, ரூத் போட்டிருப்பாள் என்று நினைத்தாளாம். ரூத் என்னை. நான் சலோமியை. சலோமி எல்லோரையும். நேற்றும் அப்படித்தான் போலிருக்கிறது. வாயில்லா ஜீவன் இரண்டு நாளாகப் பட்டினி.

தேட இறங்குவதற்குள் மி.அ. வந்துவிட்டார்கள். கையில் ஆட்டின் காது, பின்னால் ஆடு. அவர்கள் சீமையிலிருந்து விதை வருவித்து வளர்த்த பூஞ்செடிகள் ஒன்றுகூட மீதியில்லை.

"இந்த ஆடு யாருடையது?" மி.அ. பேசுவது புத்தகத் தமிழ்.

"எல்லாருடையதும் அம்மா," என்றாள் ஞானக்கா, உண்மையை விடாமல்.

"அப்படியானால் என் செடிகளை நீங்கள் எல்லோரும் சேர்ந்து தின்றீர்களா?"

சிரிப்பை அடக்கியதில் எனக்கு விலா வலித்தது. ஆனால் அடுத்த கேள்வி: "மாடத்தி எங்கே?"

சொன்னோம். முகம் மாறிவிட்டது. அனுமதி யார் கொடுத்தது? சமையல்காரி பள்ளிக்கூடத்து ஊழியக்காரி அல்லவா? திங்கட்கிழமையிலிருந்து வேறு ஒருத்தியை அமர்த்தப் போவதாகச் சொன்னார்கள்.

ஞானக்கா என்னைப் பார்த்தாள். ரூத் ஆட்டைப் பார்த்தாள். நான் பேசினேன்.

"போகச் சொன்னது நாங்கதாம்மா. போன வருஷம் அவ கேட்டப்ப விடாதது நான். அந்தப் பிள்ளை தங்கல. இந்தத் தடவை எங்க சாப்பாட்டை நாங்களே பாத்துக்கிடுதோம். வேற ஆள் வேண்டாம்."

மி.அ. ஆட்டை ரூத் பக்கம் தள்ளிவிட்டார்கள்: "ஒரு நாளாவது ஒருவராவது மணிக்குப் பின் பள்ளிக்கு வந்தால், புதியவள் வருவாள்."

நால்வரும் ஒரே நேரத்தில் "சரிம்மா."

நவம்பர் 19, புதன்

ரூத்: "ஆட்ட எங்கிட்ட விட்டுருங்க. மாடத்தி வார வரைக்கும் அது எனக்கு. என் ஆடுன்னா நான் பாப்பேன். அதுக்குப் பதிலா நான் பாத்திரம் தேய்க்க மாட்டேன்."

ஒத்துக்கொண்டோம். ஞானக்காவும்தான், ஆட்டின் விலாவைப் பார்த்தபின் வேறென்ன சொல்வாள். சாயங்காலத்துக்குள் ஆட்டுக்கு ராகேல் என்று பேர் வைத்தாகிவிட்டது. ரூத் கையிலிருந்து அகத்திக் குழை தின்கிறது. அவள் பள்ளிக்கு இவ்வளவு பாட்டுப் பாடிக்கொண்டு போய் நான் பார்த்ததில்லை.

தீர்ப்புக்காகக் குறிப்பு: ஆடு பொதுவில் இருந்தபோது மெலிந்தது, ஒருத்தியுடையது ஆனதும் தேறுகிறது. ரூத் பக்கம் ஒன்று. ஆனால் மாடத்திக்குப் பதினைந்து நாள் கிடைத்தது பொதுவால்தானே? பூட்டுப் போட்ட அலமாரி முன் நின்று அவள் கேட்டிருப்பாளா? ஞானக்கா பக்கம் ஒன்று. ரூத்தின் பாத்திரமும் இப்போது என் தலையில். யார் பக்கம்?

நவம்பர் 21, வெள்ளி

மூன்று நாளாக விடாத மழை. விறகு ஊறிப்போய் ஊதினால் புகைதான். ஞானக்கா முறை. ஏழரைக்குப் போய்ப் பார்த்தால் அடுப்பு முன் அழுதுகொண்டிருக்கிறாள். அழுகையா புகையா தெரியவில்லை. முதல் மணி அடித்தாயிற்று.

சட்டென்று எழுந்து உள்ளே போனாள். ரங்கூன் பத்திரிகைக் கட்டை முழுசாகக் கொண்டு வந்தாள். நான் "அக்கா, விவாதத்துக்கு வேணும்லா?" என்று சொல்வதற்குள் கிழித்து அடுப்புக்குள் திணித்துவிட்டாள்.

நன்றாகப் பிடித்தது சோஷியலிசம். உலை பொங்கியது. நின்றபடியே ஆளுக்கு நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓட்டம். சலோமி காலில் ஒன்று என் செருப்பு, ஒன்று ரூத்தின் செருப்பு. வாசலில் மி.அ. கைக்கடியாரத்தைப் பார்த்துக்கொண்டு. நாங்கள் படி ஏறவும் இரண்டாம் மணி அடிக்கவும் சரியாக இருந்தது.

"உங்கள் முகத்தில் கரி," என்றார்கள் ஞானக்காவிடம். தன் கைக்குட்டையைக் கொடுத்தார்கள்.

நவம்பர் 23, ஞாயிறு

கோயிலில் பாதிப் பேர்தான். மழை. மத்தியானம் ரூத் மீன் குழம்பு. இந்த வீட்டில் இதுவரை இப்படி ஒரு குழம்பு வைத்ததில்லை. ஞானக்கா மூன்றாம் தடவை சோறு கேட்டாள், கொள்கையெல்லாம் மறந்து.

நவம்பர் 25, செவ்வாய்

ஆற்றில் வெள்ளம். படித்துறை மண்டபங்கள் முழுகிவிட்டதாகப் பள்ளி முழுக்கப் பேச்சு. தயிர்க்காரி சொன்னாள்: "மேக்க வாய்க்கா ஒடஞ்சு போச்சாம். சேரம்மாதேவிப் பக்கம் ரயிலு நிக்குதாம்."

மாடத்தியிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. எழுதத் தெரியாது. எழுதினாலும் தபால் எங்கே வரும்.

ராத்திரி ஜெபத்தில் ஞானக்கா, வழக்கம்போல் பள்ளிக்காகவும் மி.அ.வுக்காகவும் ஜெபித்துவிட்டு, "உம்முடைய பிள்ளையாகிய பேச்சியையும் அவள் வயிற்றிலிருப்பதையும் காத்தருளும்," என்றாள். சலோமி கண்ணைத் திறந்து பார்த்தாள். ஊர்க்கோடிப் பேச்சியம்மன் பேர் எங்கள் ஜெபத்தில். எல்லோரும் உரக்க ஆமென் சொன்னோம். ரூத்தின் குரல் எல்லோரையும் விட உரக்க.

நவம்பர் 27, வியாழன்

ஒன்றுமில்லை. ரசம் என் முறை. சுமார். தூறல்.

நவம்பர் 28, வெள்ளி

வந்துவிட்டாள்!

விளக்கு வைக்கிற நேரம். கொல்லைப் பக்கம் ஆடு கத்தியது. அதற்குத்தான் முதலில் தெரிந்தது. முழங்கால் வரை சேறு, தலையில் வாழைப்பழச் சீப்புகள் கட்டிய துணி.

"பொம்பளப் பிள்ள. தாயும் பிள்ளையும் சொகமா இருக்காவ."

சலோமி அழுதேவிட்டாள். ரூத் மாடத்தியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆட்டைக் காட்டப் போனாள்.

"ரயிலுதான் ஓடலியே, எப்படி வந்த?" என்றாள் ஞானக்கா.

"நடந்துதான். விடியக்காலம் பொறப்பட்டேன். இன்னைக்குப் பதினஞ்சாவது நாளுல்லா."

அவளை நாற்காலியில் உட்காரச் சொன்னோம். மாட்டேன் என்று தரையில் உட்கார்ந்தாள். சலோமி வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தாள். அதை வாங்க மாடத்திக்குக் கை வரவில்லை. பிறகு வாங்கினாள். பிள்ளை நீலத் தூளியில்தான் தூங்குகிறதாம். கொழுகொழுவென்று, பேச்சியின் மூக்கு, அப்பன் நிறமாம். திரும்பத் திரும்பக் கேட்டோம். திரும்பத் திரும்பச் சொன்னாள்.

குழம்பு சட்டியில் இருந்ததை ருசி பார்த்தாள். "யாரு வச்சது?"

"நான்," என்றேன்.

"தின்னுருவேன்," என்றாள்.

நவம்பர் 29, சனி

விவாதம். பள்ளி மண்டபம். இருபது பேர் இருக்கலாம்.

ஞானக்கா பத்திரிகை இல்லாமலே பேசினாள். அதனால் நன்றாக இருந்தது. ரூத் அதைவிட நன்றாக. கருப்பட்டிப் பானையில் தொடங்கி ஆட்டில் முடித்தாள். கைதட்டல். சலோமி மணி பார்க்க மறந்துவிட்டாள்.

பின்வரிசையில் மாடத்தி. மி.அ. அவளை எழுப்பி, "எது உனக்கு அதிக சந்தோஷம் கொடுத்தது?" என்று கேட்டார்கள். முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"என் ஆட்ட எனக்கே தந்துருங்க. நான் கேட்டா நாளு மட்டும் தாங்க."

ஒரே சிரிப்பு. அவளும் சிரித்தாள்.

பிறகு என் தீர்ப்பு. எழுதி வைத்திருந்த தாளை எடுத்தேன். அதில் உள்ள எதையும் சொல்லப் பிடிக்கவில்லை. திக்கித் திக்கி: "அலமாரிக்குப் பூட்டு இருக்கட்டும், இல்லாம இருக்கட்டும். எங்க வீட்டுல மூணு வருஷமா மாடத்தி வாய்விட்டு ஒண்ணு கேட்டது ரெண்டு தடவைதான். ஒரு தடவை நான் இல்லைன்னேன். இன்னொரு தடவை எல்லாரும் சரின்னோம். அந்த ரெண்டாவது தடவைக்கு அப்புறம்தான் வீட்டுல நெசமாச் சிரிச்சோம். கேக்கதுக்குப் பயமில்லாத வீடுதான் சந்தோஷமான வீடு." உட்கார்ந்துவிட்டேன்.

மி.அ.: "இது கொடுக்கப்பட்ட பொருளுக்கு விடையல்லவே, எஸ்தர்."

"இல்லைம்மா," என்றேன்.

வெளியே வரும்போது என்னை நிறுத்தினார்கள். சமையல்காரிக்கு வருஷத்துக்கு எத்தனை நாள் விடுமுறை வேண்டும் என்று எழுதித் தரச் சொன்னார்கள். நானாக எழுதக் கூடாதாம், அவளைக் கேட்டு எழுத வேண்டுமாம்.

சேலைகளை அவரவர் எடுத்துக்கொண்டோம். பச்சை ரூத்திடமே இருக்கட்டும் என்றேன். குடைகளும் சோப்பும் அலமாரியிலேயே. ஏனென்று யாரும் கேட்கவில்லை.

நவம்பர் 30, ஞாயிறு

நல்ல வெயில். இரண்டு வாரப் புழுங்கல் வாடை போக எல்லாவற்றையும் கொல்லையில் காயப் போட்டோம். தையல் துணிகள் பார்த்து முடித்தேன். கடைசியில்!

மத்தியானச் சாப்பாடு முடிந்து மாடத்தி வந்து நின்றாள்.

"டீச்சரம்மா, சாயங்காலம் லீவு வேணும்."

"மறுபடியுமா?" ஞானக்கா. "யாருக்கு என்ன?"

"யாருக்கும் ஒண்ணும் இல்ல. சும்மாதான். பாலத்துல நின்னு வெள்ளம் பாக்கணும். வரும்போது ஆத்தோரமாத்தான் வந்தேன். சத்தம் கேட்டுது, நின்னு பாக்க நேரமில்ல."

ஞானக்கா என்னைப் பார்த்தாள். நான் ரூத்தைப் பார்த்தேன். மறுக்க ஒரு காரணம் தேடினோம், அகப்படவில்லை.

"அப்ப ராத்திரிக்கு?" என்றாள் சலோமி.

"பழம் கெடக்கு," என்றாள் மாடத்தி.

ஞானக்கா கொஞ்சம் யோசித்து, "நாங்களும் வரலாமா?" என்றாள். பாலம் என்ன எங்க அப்பன் வீட்டுதா என்று சொல்லிவிட்டுத் தலை சீவப் போய்விட்டாள் மாடத்தி.

ஆகவே புறப்படுகிறோம். ரூத் பூ வைக்கிறாள். சலோமி மி.அ.விடம் சொல்லிவிட்டு வர ஓடியிருக்கிறாள். ஞானக்கா கோயிலுக்குப் போட்ட சேலையை மாற்றலாமா வேண்டாமா என்று நிற்கிறாள். நான் இதை எழுதிக்கொண்டு.

வாசலில் மாடத்தி சத்தம் போடுகிறாள்: "ஏளா, சீக்கிரம் வாங்களா! வடிஞ்ச பொறவா பாக்கப் போறிய?"

தோழியைக் கூப்பிடுகிற மாதிரி எங்களைத்தான் ஏளா என்கிறாள்.